மாரியூர் உப்பளத்தில் ஆறு ஜாடிகள்

6 ஏப்ரல் 2024, சனி

ராமநாதபுரத்தில் ஆறரை மணிக்குப் பேருந்து ஏறினேன். ஏர்வாடியில் பாதி வண்டி இறங்கியது, அதற்குப் பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. மாரியூர் போய்ச் சேர்ந்து உப்பளத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டேன். இந்த வருடத்தில் இது மூன்றாவது குடை.

பிப்ரவரியில் வைத்த ஜாடிகள் ஆறும் பத்திரமாக இருக்கின்றன. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர்தான் அவற்றில் இருப்பது. எண்ணெய் மாதிரி கனமாக இருக்கும், கையில் புண் இருந்தால் எரியும். இதில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் உயிருக்குக் கிடைக்காது. மக்னீசியம் உப்பு அவ்வளவையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிற மாதிரி. குழாய் இருக்கிறது.

உயிருக்குக் கிடைக்கிற தண்ணீரை அளக்க, சுத்தமான தண்ணீருக்கு ஒன்று என்று வைத்தால், புள்ளி ஆறுக்குக் கீழே எந்த உயிரும் வளர்ந்ததாக உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. என் ஜாடிகள் புள்ளி நாலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஏதாவது வளர்ந்தால், திரவத் தண்ணீரே இல்லாத வேற்று உலகங்களில் உயிர் தோன்றுமா என்று பேச நமக்கும் ஒரு பிடி கிடைக்கும். வளராவிட்டால் அதுவும் பதில்தான், கைதட்டல் வாங்காத பதில்.

என் வீட்டுக்காரர் காளிதாஸ் இன்று காலையிலும் ஆரம்பித்தார். “தண்ணி இல்லாம உசுரு இருக்குமான்னு ராம்நாட்டுல தேடுற. எடத்தச் சரியாத்தான் புடிச்சிருக்க.” மிளகாய் வியாபாரம் செய்கிறவருக்கு நாக்கிலும் காரம்.

செப்டம்பர் 30க்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இது ஏழாவது வருடம், இதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. கல்லூரியில் எட்டு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். அக்டோபரில் ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு நேர்காணல். ஆய்வேடு கொடுத்த சான்று இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று முதல்வர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

7 ஏப்ரல், ஞாயிறு

மதுரை. என் வழிகாட்டி ஹெலன் மேடம் பூசை முடிந்து வந்து ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். உயிருள்ள செல் என்றால் பச்சையாக ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தோம். ஆறு ஜாடி, ஆறு பூஜ்ஜியம்.

20 ஏப்ரல், சனி

ஒரு சனி விட்டு ஒரு சனி என்ற முறைப்படி ஜாடிகளைப் பார்க்க மட்டும் போனேன், மாதிரி எடுக்கவில்லை.

படித்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். சனிக் கோளின் டைட்டான் நிலவில் ஏரிகள் உண்டு. இருப்பது மீத்தேன். குளிர் மைனஸ் நூற்று எண்பது. அந்தக் குளிரில் வேதிவினைகள் நகரவே நகராது, நம் உடம்பிலுள்ள சரக்கு அநேகமாக எதுவும் அதில் கரையாது. வெள்ளியின் மேகங்களிலோ கந்தக அமிலம். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. சில உப்புகள் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கின்றன, வெற்றிடத்தில் வைத்தாலும் ஆவியாகிப் போவதில்லை. சில நொதிகள் அதில் வேலை செய்வதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஒரு நிமிடம் தங்காத கோளில் அப்படி ஒரு திரவம் பாறைக்குழியில் காலம் காலமாகக் கிடந்தால்? உயிருக்கு வேண்டியது தண்ணீரா, அல்லது பொருள்கள் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ள ஏதோ ஒரு திரவமா? நாம் தண்ணீரால் ஆனவர்கள் என்பதால் தண்ணீர் தண்ணீர் என்கிறோமோ?

ஜாடிகளை ஒட்டியுள்ள கொட்டகையில்தான் உப்பு வாருகிறவர்கள் சாப்பிட உட்காருவார்கள். ஐந்து பேருக்கு ஒரு கேன் குடிதண்ணீர். லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். ஜாடிகளை நாய், காக்கை அண்டாமல் பார்த்துக்கொள்வது மாரிச்செல்வி அக்கா. நாற்பத்தைந்து வயது, எட்டாவது வரை படித்தவர். இன்று ஜாடி எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

“தண்ணி இல்லாத ஊரா? அப்ப அங்கன உள்ளதுக என்னத்தக் குடிக்கும்?”

“மீத்தேன்னு ஒண்ணு. அடுப்பு கேஸ் மாதிரி. குளிர்ல தண்ணியாட்டம் கெடக்கும்.”

“கேஸக் குடிச்சு யாரு டீச்சர் பொழப்பா? இங்கன வரச் சொல்லுங்க. இருக்கத ஆளுக்கு ஒரு சொம்பு குடுப்போம்.”

பேருந்தில் நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

4 மே, சனி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஜாடிகளில் மட்டம் குறைந்திருக்கும் என்று போனால், ஆறும் நான் பிப்ரவரியில் போட்ட கறுப்புக் கோட்டிலேயே நிற்கின்றன. முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கிவிட்டது. மக்னீசியம் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பகலில் ஆவியாவதை இரவுக் கடல்காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது! இதற்கே ஆய்வேட்டில் தனியாக அரைப் பக்கம் எழுதலாம்.

வழக்கம் போல மேற்பரப்பிலிருந்து செல்லுக்கான மாதிரி. ஜாடியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து வறட்சி அளவுக்கான மாதிரி. மேலே தூசி மிதக்கும், அளக்கிற கருவிக்கு அது ஆகாது.

5 மே, ஞாயிறு

பச்சை.

நான்கு ஜாடிகளில் பச்சைப் புள்ளிகள். கருவி காட்டிய அளவு புள்ளி நாலு மூன்று. ஹெலன் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். “உமையாள், குதிக்காத. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப எடு” என்றார். நான் குதிக்கவில்லை. கழிவறைக்குப் போய்த் தாளிட்டுக்கொண்டு குதித்தேன்.

19 மே, ஞாயிறு

நேற்று எடுத்த மாதிரிகள். இந்த முறை ஐந்து ஜாடிகளில் பச்சை, போன தடவையைவிட அதிகம். மேடம் தன் கையால் எண்ணினார். பெங்களூரில் ஆகஸ்டில் நடக்கும் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பினோம். பூமியில் இதுவரை உயிர் வளராத வறட்சியில் வளர்கிறது என்று ஒரு வாக்கியம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். காளிதாஸ் கிண்டல் பண்ணவில்லை. “அப்ப அந்த வேல ஒனக்குத்தான்” என்றார். அதைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. எட்டு வருடம், மாதா மாதம் கையெழுத்துப் போட்டு, மே மாதம் வேலை இல்லாமல், ஜூனில் மறுபடி விண்ணப்பித்து...

1 ஜூன், சனி

கத்திட்டேன். அந்தம்மாவைப் போட்டுக் கத்திட்டேன். என்ன பேசினேன்னு முழுசா ஞாபகம் இல்லை.

முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு போனேன். உப்பளத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஜாடியில் உயிர் இருக்கிறது, பெங்களூர் வரை பேசப் போகிறார்கள் என்று சொன்னேன். மாரிச்செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“அப்ப நம்ம ஊத்துனது வீண் போகல டீச்சர்.”

“என்னத்த ஊத்துனீங்க?”

“தண்ணிதான். நீங்க கோடு போட்டு வச்சிருக்கீகள்ல. வெயிலுக்கு அதுக்குக் கீழ எறங்கிருது. நீங்க அம்புட்டுத் தூரம் வாரப்ப வத்திக் கெடந்தா நல்லாவா இருக்கும்? மொத நா சாயந்தரம் கோடு வரைக்கும் ஊத்தி வச்சிருவேன். சித்திர பொறந்ததுல இருந்து.”

“எந்தத் தண்ணிய?”

“குடிதண்ணிதான் டீச்சர், எம் பங்குல இருந்து. உப்புத்தண்ணியெல்லாம் ஊத்தல.”

எந்த எந்த ஜாடியில் என்று கேட்டேன். “எறங்குனதுல எல்லாம்” என்றாள். அப்போதுதான் கத்தினேன். கோடு எவ்வளவு வற்றியது என்று பார்க்கத்தானே போட்டது! அறிவு இருக்கா, யாரு உன்ன ஊத்தச் சொன்னா, ஏழு வருஷம் போச்சு. நீ வா போ என்று பேசியிருக்கிறேன், என்னைவிட மூத்தவளை. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள்.

கிளம்பும்போது பின்னாலேயே ஓடி வந்தாள். “டீச்சர், மொதலாளிட்ட சொல்லிராதீக. வேலைய விட்டு நிறுத்திருவாரு. நானும் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

2 ஜூன், ஞாயிறு

மதுரைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

9 ஜூன், ஞாயிறு

நான் நினைத்துப் பார்த்தவை:

அவள் ஊற்றியது கொஞ்சம் தண்ணீர். கலந்திருந்தால் அளவு உயர்ந்திருக்கும். கருவி புள்ளி நாலு மூன்று என்றுதானே காட்டியது? அப்படியென்றால் உயிர் உண்மையிலேயே அந்த வறட்சியில்தானே இருந்தது? அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும்?

தவிர, சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். அவள் பிழைப்பைக் கெடுக்கலாமா?

நல்ல மனுஷிதான் நான். ஒரு வாரமாக மாரிச்செல்வியின் பிழைப்பைப் பற்றியே கவலைப்படுகிறேன்.

காளிதாஸிடம் சொன்னேன். கையிலிருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, “உப்பளத்துக்கு வெளிய தெரிஞ்சது ஒனக்குத்தான். இப்ப எனக்கும் சேத்து ரெண்டு பேரு. ஒன் இஷ்டம்” என்றார். இஷ்டம் என்று சொல்வதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

13 ஜூன், வியாழன்

பெங்களூரில் ஏற்றுக்கொண்டார்கள். போஸ்டர் இல்லை, மேடைப் பேச்சு. பதினைந்து நிமிடம். மேடம் தொலைபேசியில் சிரித்த சிரிப்பை நான் இந்த ஏழு வருடத்தில் கேட்டதில்லை.

14 ஜூன், வெள்ளி

நேற்று இரவு வீட்டில் கண்ணாடி டம்ளரில் கசப்புத் தண்ணீர் முக்கால் வரை எடுத்தேன். குடிதண்ணீரில் ஒரு துளி சொட்டு நீலம் கலந்து அதன் மேல் மெதுவாக ஊற்றினேன். நீலம் மேலேயே நின்றது. இரண்டு விரல் கனத்துக்குப் பாலாடை மாதிரி. காலையில் பார்த்தேன், அப்படியே இருந்தது. அடியில் ஒரு சொட்டு நீலம் இல்லை.

கனமான தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மிதக்கும். பள்ளிக்கூடத்துப் பாடம். நான் உயிரைத் தேடியது மேலே, வறட்சியை அளந்தது அடியில். குடிதண்ணீர்க் கேனில் இருந்ததை எண்ணி, கசப்புத் தண்ணீரின் கணக்கில் எழுதியிருக்கிறேன். ஊற்றியது அவர். மேலே ஒன்று அடியில் ஒன்று எடுத்தது நான். கடல்காற்று ஈரத்தை இழுக்கிறது என்று அரைப் பக்கம் எழுதப் போனதும் நான்தான்.

அறிவு இருக்கா என்று யாரைக் கேட்டேன்?

22 ஜூன், சனி

உப்பளத்துக்குப் போனேன். மாரிச்செல்வி இல்லை. நாலு நாளாக வரவில்லையாம். நீர்க்கடுப்பும் காய்ச்சலும், சாயல்குடி ஆஸ்பத்திரியில் கல் இருப்பதாகச் சொன்னார்களாம். கூட வேலை செய்யும் நாகஜோதி பாத்தியில் நின்றபடியே சொன்னாள். “கோடை பூராம், நீங்க வாரதுக்கு மொத நாளெல்லாம், அது பங்கத் தூக்கி ஒங்க ஜாடிக்கு ஊத்திட்டுக் காஞ்சு கெடந்துச்சு. ‘குடி மதினி’ன்னா, ‘டீச்சர் வாராக’ன்னும்.” கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

என் ஜாடியால்தான் கல் வந்தது என்று சொல்ல முடியாது. உப்பளத்து வெயிலே போதும் அதற்கு. ஆனால் ஒரு சொம்பு ஒரு சொம்புதான்.

வீடு தேடிப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார், பயந்துவிட்டார் என்று தெரிந்தது. எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அப்புறம்தான் “வாங்க டீச்சர்” என்றார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா அதை? வாங்கி முழுவதும் குடித்தேன்.

“அன்னைக்குப் பேசுனது தப்புக்கா. தப்பு எம் மேலதான்” என்றேன். டம்ளரையும் நீலத்தையும் பற்றிச் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை.

“கோடு எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊத்தியிருக்க மாட்டேன்ல” என்றார்.

சொல்லவில்லை. நாயை விரட்டச் சொன்னேன், காக்கையை விரட்டச் சொன்னேன். இந்த மாவட்டத்தில் பிறந்த ஒருத்தியின் கண் முன்னால் ஆறு பாத்திரத்தை வைத்து, வற்றுகிறதா பார் என்று கூடச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனேன். இத்தனைக்கும் நானும் கமுதிப் பக்கத்துக்காரி. வானத்தில் தேடுகிறவர்களும் எந்தக் கோளைப் பார்த்தாலும் முதலில் தண்ணீரைத்தானே கேட்கிறார்கள். அவர் மட்டும் என்ன செய்வார்?

23 ஜூன், ஞாயிறு

மேடத்திடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன்.

“ரெண்டும் வேற வேற ஆழத்துலயா எடுத்த?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மாதிரி எடுத்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு. நானும் பாக்கல.”

அதன்பிறகு திட்டினார். மூன்று வாரம் ஏன் சொல்லவில்லை என்பதற்காகத்தான் திட்டினார். அவர் தங்கச்சிமடத்துக்காரர், கோபம் வந்தால் ஆங்கிலமெல்லாம் ஓடிப்போகும். “காய்ச்சல்னியே, நான் ஒனக்காக செபம் பண்ணுனேன் தெரியுமாடி?” என்றார்.

எந்த ஜாடியில் எவ்வளவு ஊற்றினார்கள் என்று தெரியாததால் ஆறுமே கழிவு. பூஜ்ஜியம் வந்த ஜாடியைக்கூட நம்ப முடியாது. பெங்களூருக்குத் திரும்பப் பெறும் கடிதம் அனுப்பினோம். இரண்டு வரி. அடுத்த உப்புப் பருவம் பிப்ரவரியில்தான். புதிதாகப் பதிவு செய்து, புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

30 செப்டம்பர், திங்கள்

கடைசி நாள். கொடுக்க ஒன்றும் இல்லை. மூன்றாம் பாடவேளையில் செல் சவ்வு நடத்தினேன்.

18 அக்டோபர், வெள்ளி

நிரந்தர இடம் சத்யப்பிரியாவுக்கு. மூன்று வருடம் ஜூனியர், நல்ல பெண். இனிப்புக் கொடுத்தாள், சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து காரணமே இல்லாமல் காளிதாஸிடம் சண்டை போட்டேன். அவரும் பதிலுக்குப் போட்டார், அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வருத்தப்படவில்லை என்று எழுத ஆசைதான். பொய். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்று இரண்டு தடவை தோன்றியது.

1 பிப்ரவரி 2025, சனி

புது ஜாடிகள் ஆறு. இனி கலக்கிவிட்டு, ஒரே ஆழத்தில், ஒரே உறிஞ்சியில் இரண்டு மாதிரியும்.

பூட்டு வைத்த பெட்டியில் வை என்றார் மேடம். பூட்டு வாங்கினேன், பையிலேயே கிடக்கிறது. வெயிலும் காற்றும் உள்ளபடி பட வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பூட்டை மாரிச்செல்வி அக்கா முன்னால் எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “வேணாம் டீச்சர். வேற எங்கனயாச்சும் கொண்டு போயி வைங்க. வத்துறதப் பாத்துக்கிட்டு எங் கை சும்மா இருக்காது.”

“இப்பக் கோடு எதுக்குன்னு தெரியும்ல? எவ்வளவு எறங்குதுன்னு தெனமும் எழுதுங்க. தப்பித் தவறி ஊத்துனாலும் ஊத்துனேன்னு எழுதுங்க, போதும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் கொடுத்தேன். இனி வாரம் ஒரு கேன் குடிதண்ணீர் நானும் வாங்கிப் போடுவதாகச் சொன்னேன். அதற்கு மட்டும் உடனே சரி என்றார்.

14 ஜூன் 2025, சனி

போன மாதிரியில் புள்ளி நாலு ஒன்று. நாலரை மாதமாக ஆறு ஜாடியிலும் பூஜ்ஜியம். வேற்று உலகங்களில் எந்தத் திரவத்தில் எது நடக்கிறதோ எனக்குத் தெரியாது. மாரியூரில், இந்தக் கசப்புத் தண்ணீரில், இதுவரை எதுவும் வளரவில்லை. இந்தப் பூஜ்ஜியங்களில் கை வைக்க யாராலும் முடியாது என்றார் மேடம். எழுத ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

தரவுக்கு ஆதாரமாக அந்த நோட்டையும் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டுமாம். இன்று வாங்கி வந்தேன். பேருந்திலேயே பிரித்துப் படித்தேன். ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரி: ‘அரை விரல் கீழ. ஊத்தல.’ ‘அரை விரல் கீழ. ஊத்தல.’ சித்திரையில் கொஞ்சம் மாறுகிறது. கடைசிப் பக்கங்களை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

மே 6. ரெண்டு விரல் கீழ. ஊத்தல.

மே 11. நாகஜோதி ஊத்தப் போனா. கையப் புடிச்சிட்டேன். ஊத்தல.

மே 19. சரியான வெயில். நான் ரெண்டு சொம்பு குடிச்சேன். ஜாடிக்கு ஊத்தல.

மே 28. மூணு விரல் கீழ. அஞ்சாவது ஜாடில உப்பு பூத்துருச்சு. பாக்கவே முடியல. ஊத்தல.

ஜூன் 13. நாளைக்கு டீச்சர் வாராக. எல்லாம் வத்திக் கெடக்கு. மனசு கேக்கல. ஊத்தல.